கஷாயம் ஊறும் ஐந்து நிமிடம்

பல்லைத் தூங்க வைக்கிறேன் என்று இதுவரை நாலாயிரம் குழந்தைகளிடமாவது பொய் சொல்லியிருப்பேன். குழந்தைகளுக்குப் பல் பார்க்கிற எல்லோரும் சொல்கிற பொய்தான். ஊசியை ஊசி என்று சொல்லக் கூடாது, எறும்பு கடிக்கும் என்று சொல்ல வேண்டும். துளை போடும் மெஷின் விசிலடிக்கிற தும்பி. எச்சிலை உறிஞ்சும் குழாய்க்குத் தாகமெடுத்த யானை என்று நானே பெயர் வைத்தேன். படிப்பில் வாங்கிய மார்க்கைவிட இந்தக் கதைகளுக்குத்தான் பொள்ளாச்சியில் எனக்குப் பேர். வீட்டில் வைத்த பெயரும் தோதாக அமைந்துவிட்டது, கோகிலவாணி. வாய் ஓயாது.

அந்த வாயால் ஒரு குழந்தையின் பேச்சைப் பறித்துவிட்டேன் என்று பதினாறு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பஸ்கள் எல்லாம் பேட்டரிக்கு மாறி, ஹாரனைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் ஓடத் தொடங்கியிருந்த வருடம் அது. என்னோடு கல்லூரியில் படித்த தயாநிதி ஒரு நாள் பெட்டி நிறையச் சின்னச் சின்ன பாட்டில்களோடு வந்து நின்றான். படிக்கிற காலத்திலேயே அவன் பல்லைப் பார்த்ததைவிடச் செடியைப் பார்த்ததுதான் அதிகம். பிறகு ஆராய்ச்சி, ஆய்வகம் என்று போய்விட்டான்.

"பால் பல்லுக்கு வேர் சிகிச்சை பண்றப்ப வேருக்குள்ள இருக்கற குழாயை எதுல கழுவுற?" என்று கேட்டான்.

"எல்லாரும் கழுவுற தண்ணிலதான்."

"பிளீச்சிங் பவுடர் ஜாதித் தண்ணி அது. பெரியவங்களுக்குச் சரி. பால் பல்லோட வேர் நுனி தானாவே கரைஞ்சுக்கிட்டு இருக்கும் கோகிலா. அதுக்கு நேர் கீழ பெரிய பல்லோட முளை உட்கார்ந்திருக்கு. ஒரு சொட்டு தாண்டிப் போனா பிள்ளை துடிச்சுப் போயிடும், முளைக்கும் ஆகாது. இது நுணாக்காய், கடுக்காய், துளசி. மூணும் உனக்குத் தெரிஞ்சதுதான். நீயே எடுத்துக் குடிக்கலாம்."

"நுணாக்காயா? சின்ன வயசுல ஈர்க்குச்சி குத்தித் தேர் பண்ணி உருட்டுவோமே, அந்தக் காயா?"

"அதேதான். எந்த அளவுல கலக்கறேங்கறது மட்டும் என் ரகசியம். கிருமியைப் பூராவும் கொல்லுது. ஒரே ஒரு சிக்கல், ஊத்திட்டு அஞ்சு நிமிஷம் ஊற விடணும்."

என்னிடம் இருபது வருடமாக உதவியாளராக இருக்கும் லூர்து அக்கா ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, "கஷாயம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

கஷாயம் நல்லது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தயாநிதியைத் திட்ட வேண்டாம். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் நினைத்த பற்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அது என் தொழிலில் நான் பார்த்த மிக அழகான நேரம். ஊசியின் முனையில் இருந்து ஒரு சொட்டு வேர்க்குழாயில் இறங்கும். அறையில் மழை நனைத்த இலையின் வாசனை எழும். நாற்காலியின் கையைப் பிடித்திருக்கும் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும். கண் மூடாது, ஆனால் பாதி இறங்கிவிடும். எங்கோ தூரத்தில் நடக்கிற ஒன்றைப் பார்ப்பதுபோல அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். லூர்து அக்கா வைத்த வாத்து வடிவ அலாரம் டிக் டிக்கென்று ஓடும். எனக்குச் சும்மா இருக்க வருமா? கதை சொல்லுவேன்.

வர்ணிகா வந்தது அப்படி ஒரு வியாழக்கிழமை. ஐந்தரை வயது. கீழ்க் கடைவாய்ப் பல், கன்னம் வீங்கி, கண்ணீரும் மூக்குமாக வந்தாள். கூட அவள் அம்மா தாரணி, நார் மில்லில் வேலை. அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது என்று லூர்து அக்கா என் காதில் சொன்னார். அந்தப் பிள்ளை போட்ட கூப்பாட்டில் பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட்டைக் கட்டி, கஷாயத்தை ஊற்றினேன். அடங்கினாள்.

"உன் பல்லைத் தூங்க வெக்கிறேன் கண்ணு. சத்தம் போட்டா முழிச்சுக்கும். சரியா?" என்றேன். நடுவில் போன் வந்தது. வெளியே போய் அரை நிமிடம் பேசிவிட்டு வந்தேன். வாத்து கத்தியது. மருந்து வைத்து மூடி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். மொத்தம் மூன்று தடவை வர வேண்டும். மூன்றாவதோடு பல்லை நிரப்பி, வெள்ளித் தொப்பி போட்டுவிடுவேன்.

அடுத்த வாரம்தான் கோளாறுகள் தெரியத் தொடங்கின. முதலில் ரித்தீஷின் அம்மா வந்தார். பையன் மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிறானாம், பாயில் போய்விடுகிறானாம். ஏன்டா என்றால், "என் பல்லுக்குத் தாகம், டாக்டர் சொன்னாங்க" என்கிறானாம். அடுத்த நாள் ஒரு தாத்தா கோபமாக வந்தார். மரத்துப்போன கன்னம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, தொட்டால் வெடித்துவிடும் என்று பேத்தியிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு வாரமாக அவரை முத்தம் கொடுக்க விடவில்லையாம்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பிள்ளைக்கும் கஷாயம் ஊறும்போதுதான் அதைச் சொல்லியிருந்தேன். தயாநிதிக்குப் போன் போட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். "அங்கயுமா?" என்றான்.

"என்னடா அங்கயுமா? முதல்லயே தெரியுமா உனக்கு?"

"போன வாரம் மதுரையிலயிருந்து ஒருத்தர் சொன்னாங்க. நம்பல. பால் பல்லுக்குள்ள இருக்கற நரம்பு சாகுறப்ப, கடைசியா ஒரு தடவை கதவைத் திறக்குது போல. இந்தச் சாறு அந்தக் கதவை அஞ்சு நிமிஷம் திறந்து வெச்சிருக்கு. அந்த நேரத்துல காதுல விழறது உள்ள போய் உட்கார்ந்துக்குது. பிள்ளைக்கு அது யாரோ சொன்னதுன்னு தோணாது. அதுதான் நெசம்."

"எப்பப் போகும்?"

"பல்லு விழறப்ப. கடைவாய்ப் பல்லுன்னா பத்து, பதினொண்ணு வயசாகும்."

"பிடுங்கிட்டா?"

"பிடுங்காதே. மதுரையில ஒண்ணைப் பிடுங்கிப் பாத்தாங்க. பாதியில அறுந்த கயிறு மாதிரி ஆயிடுச்சு, அந்தப் பிள்ளை இன்னும் தடுமாறுது. அடுத்த தடவை ஊத்தறப்ப அதே ஆள் மாத்திச் சொன்னா போதும், அழிஞ்சிடும். அதே ஆளுதான் சொல்லணும், கவனம். குரலோட சேர்ந்துதான் பதியுது. வேற யார் மாத்திச் சொன்னாலும் அழியாது."

அப்படியே செய்தேன். ரித்தீஷின் பல்லுக்குத் தாகம் தீர்ந்தது. பேத்தியின் கன்னம் பழையபடி கன்னமானது. தாத்தா ஒரு சீப்பு செவ்வாழை கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் ரித்தீஷின் அம்மாவுக்கும் வாய் ஓயாது. நாலைந்து நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆளாளுக்குத் துண்டுச் சீட்டோடு வந்தார்கள். "கணக்கு நல்லா வரோணும்னு ஒரு வார்த்தை போட்டு வுடுங்க டாக்டர்." "செல்போன் சுடும்னு சொல்லுங்க." "அம்மா காட்டற பொண்ணைத்தான் கட்டிக்குவேன்னு சொல்லி வெச்சுருங்க, பின்னால தொல்லை இருக்காது பாருங்க." அந்த மணமகனுக்கு வயது நான்கு. பல் சொத்தையே இல்லாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து துளை போடச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மடித்த தாளை நீட்டினார். எந்தத் தெருப் பிள்ளைகளோடு தன் மகன் சேரக் கூடாது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். "வாசிச்சாப் போதுமுங்க" என்றார். கிழித்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கோபப்படக்கூட இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று போனார். பார்த்தும்கொண்டார். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் ஓட்டல் மெனு மாதிரி அட்டை அடித்து வைத்திருந்தார்கள், பெற்றோர் டிக் போட்டுக் கொடுத்தால் போதும்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஊற்றும் முன் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடமும் ஊமையாக நின்றேன். பிள்ளைகள் முன்னைவிட அதிகமாகப் பயந்தன. எனக்கும் அழுகை வந்தது. கதை சொல்லாத கோகிலவாணி எதற்கு என்று இருந்தது.

இதற்கு நடுவிலேயே, வர்ணிகா வந்து பதினோராம் நாள், திங்கட்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்து மிஸ் போன் செய்தார்.

"வர்ணிகான்னு ஒரு பாப்பா உங்ககிட்ட பல்லு பாத்துச்சுங்களா? அன்னைலருந்து ஒரு வார்த்தை பேசலைங்க. ரைம்ஸ் சொல்லல, சிரிச்சாலும் சத்தம் வரல. இப்படியே இருந்தா ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் எடுக்க மாட்டேங்கறாங்க எங்க மேடம். கோயமுத்தூர்ல வேற மாதிரிப் பள்ளிக்கூடம் பாருங்கன்னு சொல்லப் போறாங்க."

சத்தம் போட்டா முழிச்சுக்கும். நான் சொன்னதுதான். நாலாயிரம் பொய்யில் ஒன்று போய் இப்படி உட்கார்ந்துவிட்டது.

வியாழக்கிழமை தாரணி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வர்ணி தானாகவே நாற்காலியில் ஏறிப் படுத்தாள். முதல் நாள் கூப்பாடு போட்ட பிள்ளையா இது என்று இருந்தது. கஷாயம் இறங்கி, இலை வாசனை எழுந்ததும் நான் அவள் முகத்தருகே குனிந்தேன்.

"வர்ணி, உன் பல்லு நல்லாத் தூங்கி எந்திரிச்சிருச்சு கண்ணு. இனி சத்தம் போடலாம். பாடலாம், பேசலாம், கத்தலாம். ஒண்ணும் ஆகாது." மூன்று தடவை சொன்னேன். வாத்து கத்தியது. ரப்பர் ஷீட்டை எடுத்து, தாரணியை உள்ளே கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

வர்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. நாற்காலியில் இருந்து பூனை மாதிரி இறங்கி, கதவை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

"பேச்சு வருமுங்க டாக்டர். மெதுவா வரட்டும்" என்றார் தாரணி, தணிந்த குரலில்.

வரவில்லை. மறுநாளும் இல்லை, மறுவாரமும் இல்லை. தயாநிதியைப் பிடித்துக் காய்ச்சினேன். "உன் குரல்ல போனது உன் குரலுக்கு அழிஞ்சிருக்கணுமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இனி ஒரே ஒரு தடவைதான் மிச்சம். அதற்கு மேல் தள்ளினால் பல் தாங்காது. மூன்றாம் தடவை நிரப்பி மூடிவிட்டால், பல் விழும்வரை வர்ணி இப்படியேதான். ஐந்து வருடம்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது லூர்து அக்கா கேட்டார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. ஒரு மாசமாப் பேசாத பிள்ளைய வெச்சுக்கிட்டு எந்தத் தாயாச்சும் இப்படி அமைதியா இருக்குமா? நமக்குப் போன் போட்டதுகூட டீச்சர்தான். அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லுச்சா?"

சொல்லவில்லை. தணிந்த குரலில் பேசிய அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு, பதிவேட்டில் முகவரி பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

சூளேஸ்வரன்பட்டியில் வரிசை வீடு. மணி இரண்டு இருக்கும். வெயிலில் தெரு வெளுத்துக் கிடந்தது. எங்கோ நார் காயப்போட்ட வாசனை. கதவைத் தட்டக் கையைத் தூக்குவதற்குள் அது திறந்தது. வர்ணி நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே ஒரு விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினாள்.

வாசலில் ஓர் ஆணின் செருப்பு ஜோடி, தூசி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நானும் என்னையறியாமல் என் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒலி இல்லாமல். அடுப்பில் சோறு குண்டானில் வெந்துகொண்டிருந்தது. குக்கர் பரணில் இருந்தது, விசில் கழற்றி. நாற்காலிக் கால்களில் துணி சுற்றியிருந்தார்கள். உள் அறையின் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் எனக்கே தூக்கம் வரும்போல் இருந்தது. வெளியே நேரம் நகர்ந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் எப்போதும் மத்தியானம் இரண்டு மணி.

வர்ணி அந்தக் கதவருகே போய்க் காதை வைத்துக் கேட்டாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, தரையில் படுத்து வர்ணம் தீட்டத் தொடங்கினாள்.

தாரணி சமையல் பக்கமிருந்து வந்து என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள யாருங்க?" என்றேன். நானும் கிசுகிசுத்தேன்.

"யாருமில்லீங்க."

"அப்ப ஃபேன்?"

அவர் புழக்கடைப் பக்கம் கை காட்டினார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தோம்.

"அவரு நூல் மில்லுல மூணாம் ஷிப்டுங்க" என்று ஆரம்பித்தார். கணவர் பெயர் மகுடீஸ்வரன். "கல்யாணம் ஆனதுலருந்தே ராத்திரி வேலை, பகல்ல தூக்கம். இவ பொறந்ததுலருந்து இந்த வீட்டுல சத்தமே கெடையாதுங்க. அழுதா வெளியே தூக்கிட்டு ஓடிருவேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. என்னை எங்க நார் மில்லுல ஓவர்டைம் கூப்பிட்டாங்க. அவரு வந்து படுத்துட்டாரு. அப்பா தூங்கறாரு, சத்தம் போடாம இருன்னு இவகிட்ட சொல்லிட்டுப் போனேன். நாலு மணிக்கு வந்து, டீ போட்டு எடுத்துக்கிட்டு எழுப்பப் போறேன்..."

அவர் நிறுத்தினார்.

"காலைல பதினோரு மணிக்கே உசுரு போயிருக்கும்னாங்க டாக்டருங்க. மாரடைப்பு. இவ நாலு மணி வரைக்கும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்திருக்கறா. தட்டு மூடியத் தெறந்தா சத்தம் வருமுன்னு சோறுகூடத் திங்கலீங்க."

உள்ளே வர்ணி பென்சில் சீவுகிற சத்தம் லேசாகக் கேட்டது.

"அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஒரே கத்தல். பகல்ல கத்துவா, தூக்கத்துல கத்துவா. நான்தான் எழுப்பாம வுட்டுட்டேன், நான்தான் எழுப்பாம வுட்டுட்டேன்னு. என்ன சொன்னாலும் கேக்கலீங்க. அப்பத்தான் பல்லு வலின்னு உங்ககிட்ட வந்தோம். நீங்க போன் பேச வெளியே போனீங்க. அக்கா அந்தப் பக்கம் திரும்பி ஏதோ கழுவிட்டிருந்தாங்க. இவ லேசா முனகுனா. எனக்கு வாயில தானா வந்துருச்சுங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வார்த்தை, என்ன பண்றதுங்க. 'உஷ்... சத்தம் போடாத சாமி, அப்பா தூங்கறாருல்ல.'"

எனக்குப் பதினாறு நாள் பாரம் ஒரே நொடியில் இறங்கியது. இறங்கிய அதே நொடியில் வேறொன்று ஏறியது. நான் சொன்ன பொய் இரண்டாம் தடவையே அழிந்துவிட்டிருந்தது. அந்த அம்மா வாய் தவறிச் சொன்ன ஒன்று அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பை வெளியே வுட்டுட்டு, அடி மேல அடி வெச்சுப் போயி அந்தக் கதவுல காதை வெச்சா. திரும்பிப் பாத்துச் சிரிச்சா. ரெண்டு மாசத்துல அவ சிரிச்சது அன்னைக்குத்தானுங்க. நான் என்ன பண்ணட்டும்? உள்ள போயி ஃபேனைப் போட்டுவுட்டேன்."

"தாரணி, ஊர் பூரா கஷாயத்தைப் பத்திப் பேசுதே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. போன தடவையே தெரியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் பழகிருச்சுங்க. வேலை முடிஞ்சு வந்தா உள்ள ஆள் இருக்கற மாதிரியே இருக்கு. நாளைக்கு நீங்க மூடிட்டீங்கன்னா பல்லு விழுகற வரைக்கும் இப்படியே இருந்துக்கலாமில்லீங்க? அவளும் நிம்மதியா இருக்கா, நானும் இருக்கேன். யாருக்கு என்னங்க நட்டம்?"

கோபம் வந்தது. ஒரு அறை விடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

"பத்து வயசுல ஒரு நாள் பல்லு விழும். அன்னைக்கு அவ அந்தக் கதவைத் திறப்பா தாரணி. அப்ப என்ன சொல்லுவீங்க?"

அவர் கல்லில் ஒட்டியிருந்த சோப்பை நகத்தால் சுரண்டினார். "நான் என்ன சொல்லோணுமுன்னு எழுதிக் குடுங்க டாக்டர்" என்றார்.

"அந்த வேலையை நான் யாருக்கும் செய்யறதில்லீங்க" என்றேன். "நாளைக்கு உங்களை மட்டும் உள்ள விடறேன். சொல்றதும் சொல்லாததும் உங்க கையில."

மறுநாள் வந்தார்கள். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். லூர்து அக்கா வாத்தின் கழுத்தைத் திருகி வைத்தார். கஷாயம் இறங்கியது. இலை வாசனை எழுந்தது. வர்ணியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, கண்கள் பாதி இறங்கின. தாரணி அவள் தலைமாட்டில் நின்றார்.

ஒரு நிமிடம் போனது. அவர் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். இரண்டாவது நிமிடமும் போனது. நானும் லூர்து அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வாழ்க்கையில் வாயை அடக்க நான் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று தொண்டைவரை வந்தது. நான்காவது நிமிடம் முடிகிற நேரத்தில் தாரணி குனிந்தார்.

"வர்ணி, அம்மா சொல்றதக் கேளு சாமி. அப்பா தூங்கலை. அப்பா செத்துப் போயிட்டாரு." குரல் உடைந்தது. மறுபடி எடுத்தார். "அன்னைக்கு நீ சத்தம் போட்டிருந்தாலும் அப்பா எந்திரிச்சிருக்க மாட்டாரு. நீ கதவைத் தட்டியிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாரு. நீ எழுப்பாததுனால ஒண்ணும் ஆகலை கண்ணு. அம்மா சொன்ன பேச்சைக் கேட்டே, அவ்வளவுதான். இனி நம்மூட்ல பகல்ல தூங்கறவங்க யாருமில்ல. நீ எவ்வளவு வேணாலும் சத்தம் போடு."

வாத்து கத்தியது.

குழாயைக் கழுவித் துடைத்து, நிரப்பி, வெள்ளித் தொப்பியைப் பொருத்தினேன். என் கண்ணாடியில் ஈரம் படிந்து இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. ரப்பர் ஷீட்டை எடுத்தேன். வர்ணி எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

பிறகு வந்தது. "அப்பா" என்று அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த குழந்தைகள் எல்லாம் சேர்ந்து அழத் தொடங்கின. பேக்கரிக்காரர் ஓடிவந்தார். தாரணி மகளை வாரி எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் வாய்விட்டு, ஊரே கேட்கும்படி அழுதார்கள். லூர்து அக்காவும் அழுதார். நான் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. குழந்தை அழுதால் உடனே ஒரு கதையை எடுத்துவிடுகிற நான், அன்றைக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து வர்ணி விக்கிக்கொண்டே, "தண்ணி" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் பொருள். குடித்துவிட்டு, "மீன் பாக்கப் போறேன்" என்று நாற்காலியில் இருந்து குதித்தாள். வெளியே மீன் தொட்டி இருக்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து, பின்னால் டமாரென்று அடித்துச் சாத்தினாள். அலமாரியில் இருந்த பாட்டில்கள் எல்லாம் அதிர்ந்தன.

தாரணியின் விரல் தானாக உதட்டுக்குப் போனது. "உஷ்... சாமி, அப்பா..." என்று பாதி வெளியே வந்துவிட்டது. விரல் அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ட்ரேயில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். அடியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது.

"எனக்குக் கொஞ்சம் ஊத்த முடியாதுங்களா டாக்டர்?"

"அது பால் பல்லுக்குத்தான் வேலை செய்யுமுங்க" என்றேன்.

தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.